ஊர்ப் பணமும் அமானிதமே



சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில் எங்கள் மஹல்லா ஜமாஅத்தின் பொதுக்குழு கூடியது. முத்தவல்லி ஆண்டுக் கணக்கை வாசித்தார். சந்தா வரவு, கடை வாடகை வரவு, நோன்புக் கஞ்சிக்கு அரிசி, விறகு, இமாம், முஅத்தின் ஆகியோரின் சம்பளம், மின் கட்டணம் என்று வரிசையாக வந்தது. கஞ்சிக்கு வாங்கிய மளிகைக் கணக்கில் 170 ரூபாய் இடிக்கிறது என்று பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார். ரசீதுகள் விரிக்கப்பட்டன. ஒரே ரசீது இருமுறை எழுதப்பட்டிருந்தது தெரிய வந்தது; திருத்தப்பட்டது. இதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. எவரும் சலித்துக்கொள்ளவில்லை. அல்லாஹ்வின் வீட்டுப் பணம், ஒரு ரூபாயானாலும் கணக்கு வேண்டும் என்பதில் இளைஞர், முதியவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் ஒன்றுபட்டு நின்றனர். எனக்கு அது மிக்க மகிழ்ச்சியைத் தந்தது.

கூட்டம் கலைந்து வெளியே வந்தோம். தெருமுனையில் வழக்கம்போல் சாக்கடை நீர் தேங்கிக் கிடந்தது. கைலியைச் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டு கற்களின்மேல் கால் வைத்துக் கடந்த அதே பெரியவர், "ஹஸ்ரத், இந்தச் சாக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கினார்களோ, எவ்வளவு செலவழித்தார்களோ, யார் கண்டது?" என்றார்.

யார் கண்டது! அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. 170 ரூபாய்க்கு ஒரு மணி நேரம் கணக்குக் கேட்ட நாம், நம்மிடமிருந்து ஒவ்வோர் அரையாண்டும் பெறப்படுகின்ற நகராட்சிப் பணத்துக்கு ஒரு நிமிடமேனும் கணக்குக் கேட்டதுண்டா? ஜமாஅத்தின் பணம் நம் பணம். நகராட்சியின் பணம் யாருடைய பணம்? இந்த மாதம் அதைப் பற்றியே தங்களுடன் பேச விரும்புகிறேன்.

வரவு வரும் வழிகள்

கல்லூரியில் பொருளியல் பயின்றபோது 'பொது நிதி' என்றொரு பாடம் எனக்கு இருந்தது. தேர்வுக்குப் படித்துத் தேர்வோடு மறந்த பாடம் அது. இப்பொழுது வீட்டுப் பெட்டியிலிருந்த வரி ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் படித்தேன்.

நகராட்சியின் சொந்த வருவாயில் தலையாயது சொத்து வரி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று என அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்துகிறோம். வீட்டின் பரப்பு, அது அமைந்துள்ள பகுதி, குடியிருப்பா கடையா என்னும் பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு வரி கணிக்கப்படுகிறது. இந்த ஒரே வரிக்குள் பல பங்குகள் அடங்கியிருப்பதை நம்மில் பலர் அறியோம். பொதுச் செலவுக்கு ஒரு பங்கு, குடிநீருக்கும் வடிகாலுக்கும் ஒரு பங்கு, தொடக்கக் கல்விக்கு ஒரு பங்கு. அத்துடன் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்கிறது. இந்திய நாட்டிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை மாகாணம்; ஆண்டு 1948. அன்று தொட்டு ஊர் நூலகத்தின் நாளிதழுக்கும் புத்தகத்துக்கும் நம் வீட்டு வரியே ஆதாரமாக இருந்து வருகிறது. நூலகம் எங்கே இருக்கிறதென்றே அறியாதவரும் அதற்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சொத்து வரிக்கு அடுத்தது தொழில் வரி. சம்பளக்காரரும் வணிகரும் செலுத்துவது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இவ்வரியைப் பெறலாகாது என்று நாட்டின் அரசியல் சாசனமே வரம்பு கட்டியிருக்கிறது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விதித்த வரம்பு அது. இவையன்றிக் காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், நகராட்சிக் கடைகளின் வாடகை, பேருந்து நிலையச் சைக்கிள் நிறுத்தம், சந்தை, கட்டணக் கழிப்பிடம் ஆகியவற்றின் குத்தகை ஏலத் தொகை எனச் சிறு ஓடைகள் பல வந்து சேர்கின்றன. வீடோ மனையோ கைமாறும்போது பத்திரப் பதிவில் நாம் கட்டும் முத்திரைத் தீர்வையோடு சேர்ந்து வசூலாகும் ஒரு பங்கும் ஊராட்சி, நகராட்சிகளுக்கென்றே ஒதுக்கப்படுகிறது.

இத்தனையும் சேர்ந்தாலும் ஒரு சிறு நகரத்தின் செலவுக்குப் போதா. எனவே அரசின் பங்கு வருகிறது. 1992இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சாசனத் திருத்தம், மாநிலந்தோறும் ஐந்தாண்டுக்கொருமுறை நிதிக்குழு அமைத்து, மாநில வரி வருவாயில் நகரங்களுக்கு உரிய பங்கைப் பரிந்துரைக்க வகை செய்தது. மத்திய நிதிக்குழுவும் மானியம் அளிக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது மத்திய நிதிக்குழு சிறு நகரங்களுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவழிக்கப்பட வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. சொத்து வரியைக் காலத்துக்கேற்பத் திருத்தாத மாநிலத்தின் நகரங்களுக்கு அம்மானியம் இல்லை என்றும் நிபந்தனையிட்டது.

2022 ஏப்ரலில் நம் வீட்டு வரி திடீரென உயர்ந்ததன் பின்னணி இதுவே. 2008க்குப் பின் வரி திருத்தப்படாமல் இருந்தது. 2018இல் அறிவிக்கப்பட்ட உயர்வும் அடுத்த ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. 2022இல் நகராட்சிப் பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50 விழுக்காடும், 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏற்றியிருந்தால் தாங்கியிருக்கக்கூடிய சுமை, பதினான்கு ஆண்டுகள் கழித்து ஒரே நாளில் தலைமேல் இறங்கியது.

செலவாகும் வழிகள்

இனிச் செலவைப் பார்ப்போம். பணியாளர் சம்பளமும் ஓய்வூதியமும் முதலில் எடுக்கப்படுகின்றன. குப்பை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கான தொகை, தெருவிளக்குக்கும் குடிநீர் இறைக்கும் மோட்டாருக்கும் மின் கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வாங்கும் தண்ணீருக்கு விலை, பழைய கடனுக்குத் தவணையும் வட்டியும் ஆகியவை அடுத்து நிற்கின்றன. இவை எவற்றையும் தள்ளிப்போட இயலாது. எஞ்சுவதில்தான் சாலை, வடிகால், பூங்கா, பள்ளிக் கட்டடம் எல்லாம் நடந்தாக வேண்டும்.

நம் இல்லத்தரசியர்க்கு இது புதிய செய்தியன்று. வாடகை, மளிகை, பால், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போக மாதக் கடைசியில் மிஞ்சும் சிறு தொகையை எதற்குச் செலவிடுவது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அறிவும் நேர்மையும் வெளிப்படும். நகரமும் அவ்வாறே. எஞ்சிய பணம் எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்த ஒப்பந்தத்தில் போகிறது, போட்ட சாலை எத்தனை மழைக்குத் தாங்கியது என்பனவே கேட்கத்தக்க கேள்விகள்.

நகராட்சியில் குடிநீர், வடிகால் நிதிக்கும் தொடக்கக் கல்வி நிதிக்கும் தனித்தனிக் கணக்கு வைக்கப்படுகிறது. கல்விக்கென்று பெற்ற வரியை வேறொன்றுக்குத் திருப்புதல் ஆகாது என்பதே அதன் பொருள். ஜகாத் பணத்தைப் பள்ளிவாசலின் வண்ணப் பூச்சுக்கு எடுக்கக் கூடாது என்று நாம் காக்கும் ஒழுங்கை ஒத்தது இது. இக்கணக்குகளை ஆண்டுதோறும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. ஆனால் தணிக்கையாளர் செலவு நடந்து முடிந்த பிறகு வருபவர். நடக்கும்போதே பார்ப்பதற்கு ஊராரின் கண்களையன்றி வேறு கண்கள் இல்லை.

அக்கண்கள் மூடியிருந்தால் என்ன நேரும்? அதற்குத் தொலைதூர நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வரலாறு சான்றாக இருக்கிறது.

பெல் நகரின் பாடம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் மாநகரை ஒட்டி 'பெல்' என்றொரு சிறு நகரம் உண்டு. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 35,000. பெரும்பாலோர் மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த உழைப்பாளிகள். தெற்கு லெபனானின் யாரூன் என்னும் சிற்றூரிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களும் அங்கே வாழ்கின்றன. எல்லோரும் தம் தொழிலுண்டு, தம் வீடுண்டு என்று இருந்தவர்கள்.

1993இல் ராபர்ட் ரிஸ்ஸோ என்பவர் அந்நகரின் மேலாளராக நியமிக்கப்பட்டார். அப்பொழுது அவருடைய ஆண்டு ஊதியம் 72,000 டாலர். 2010இல் அது 7,87,637 டாலராக உயர்ந்திருந்தது. அந்நாட்டின் குடியரசுத் தலைவருக்கே ஆண்டு ஊதியம் 4,00,000 டாலர்தான் என்பதை நினைவிற் கொள்க. பகுதிநேரப் பணியான நகரமன்ற உறுப்பினர் பதவிக்கு ஐவரில் நால்வர் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு நெருங்கப் பெற்றனர். பெயரளவில் இயங்கிய பல குழுக்களில் உறுப்பினர் என்று எழுதிக்கொண்டு, கூடியும் கூடாமலும் அத்தொகையை எடுத்தனர்.

இப்பணம் எங்கிருந்து வந்தது? அந்த ஏழை மக்களிடமிருந்துதான். பெல் நகரின் சொத்து வரி வீதம் 1.55 விழுக்காடு, திரைப்படச் செல்வர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸின் வீதத்தைக் காட்டிலும் மிகுதி. வணிக உரிமக் கட்டணமும் கழிவுநீர்க் கட்டணமும் முறையின்றி உயர்த்தப்பட்டிருந்ததாக மாநிலக் கணக்கு அதிகாரியின் தணிக்கை பின்னர் கண்டது.

இது எப்படி இயன்றது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. நகரமன்ற உறுப்பினர்களின் ஊதியத்துக்கு மாநிலச் சட்டம் வரம்பு வைத்திருந்தது. அவ்வரம்பிலிருந்து விலக்குப் பெறும் வகையில் நகரின் சாசனத்தை மாற்ற 2005 நவம்பரில் வாக்கெடுப்பு ஒன்று நடத்தினர். அவ்வாக்கெடுப்பில் கலந்துகொண்டோர் 400 பேருக்கும் குறைவு! 35,000 பேர் வாழும் ஊரில் 400 பேருக்கும் குறைவானவர்கள் அளித்த வாக்கு, ஊர்க் கருவூலத்தின் பூட்டைத் திறந்துவிட்டது.

கேட்டவரே இல்லையோ என்றால், ஒருவர் கேட்டார். 2008இல் ஊர்வாசி ஒருவர் நகரமன்ற அலுவலகத்துக்குச் சென்று ஊதிய விவரம் கோரினார். மேலாளருக்கு மாதம் 15,478 டாலர், உறுப்பினர்க்கு 673 டாலர் என்று எழுதிய தாள் ஒன்று அவர் கையில் கொடுக்கப்பட்டது. அது பொய்த் தாள். தனியொருவராய்க் கேட்டவரை ஏமாற்றி அனுப்புவது எளிதாயிற்று.

2010 ஜூலையில் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நாளிதழின் செய்தியாளர் இருவர், பக்கத்து ஊரான மேவுட்டைப் பற்றி விசாரிக்கும்போது இந்த உண்மையைக் கண்டு வெளியிட்டனர். ஊர் கொதித்தெழுந்தது. 'போதும்' எனப் பொருள்படும் 'பாஸ்தா' என்னும் ஸ்பானியச் சொல்லைப் பெயராகக் கொண்டு மக்கள் இயக்கம் ஒன்று தோன்றியது. அதை முன்னின்று தொடங்கியவர்களுள் லெபனான் வழிவந்த அலீ ஸாலிஹ் என்பவரும் ஒருவர். 2009இல் அவர் நகரமன்றத் தேர்தலில் நின்றபோது, முஸ்லிமுக்கு வாக்களிக்காதீர் என்று துண்டறிக்கைகள் பரப்பப்பட்டன, அவர் தோற்றார். 2011 மார்ச்சில் பழைய உறுப்பினர்களை மக்கள் வாக்களித்து நீக்கினர். அதே அலீ ஸாலிஹைத் தேர்ந்தெடுத்தனர். பின்னர் அவர் அந்நகரின் மேயராகவும் விளங்கினார். சமயத்தைக் காட்டி அச்சுறுத்தப்பட்ட மக்களே, சமயம் பாராமல் நேர்மையைப் பார்த்து வாக்களித்தனர்.

2014 ஏப்ரலில் ரிஸ்ஸோவுக்கு 12 ஆண்டுச் சிறைத் தண்டனையும், 88 லட்சம் டாலரைத் திருப்பிச் செலுத்துமாறு கட்டளையும் பிறந்தன. நகரமன்ற உறுப்பினர்களாக இருந்தவர்களுள் ஐவர் குற்றவாளிகள் என முடிவாயிற்று. எனினும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அம்மக்கள் கட்டிய பணமும், அதனால் கிட்டியிருக்க வேண்டிய வசதிகளும் முழுமையாக மீண்டனவா?

என் வீட்டு மாடி

வாசகர்களே, பிறர் குற்றத்தைப் பேசுவது எளிது. என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தபோது மாடியில் இரண்டு அறைகள் எடுத்தேன். ஆனால் நகராட்சி ஏட்டில் என் வீடு பழைய ஓட்டு வீட்டின் அளவிலேயே இருந்தது. பில் கலெக்டர் வருவார்; வாசலில் நின்றபடியே தொகை பெற்று ரசீது தருவார்; அண்ணாந்து பார்க்க மாட்டார். நானும் சொல்ல மாட்டேன். கேட்கவில்லையே, சொல்வானேன் என்று நான்கு ஆண்டுகள் கழிந்தன.

ஒவ்வோராண்டும் மத்ரஸாவில் மாணவர்க்கு உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் வரலாற்றைச் சொல்வேன். அரசுப் பணி முடிந்து சொந்தப் பேச்சுத் தொடங்கியதும், பைத்துல்மாலின் எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றச் செய்தார்கள் என்று கூறப்படும் வரலாறு அது. அன்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன், "ஹஸ்ரத், இந்தக் காலத்தில் பைத்துல்மால் எது?" என்று கேட்டான். தெருவிளக்கு எரியும் பணம், குழாயில் தண்ணீர் வரும் பணம், அரசு மருத்துவமனைப் பணம் என்று விடை சொன்னேன். சொல்லும்போதே என் வீட்டு மாடி என் கண்முன் வந்து நின்றது.

மறுவாரம் நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று மறு அளவீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். "தானே வந்து வரியைக் கூட்டச் சொல்பவரை இன்றுதான் பார்க்கிறேன்" என்று அங்கிருந்தவர் சிரித்தார். வரி கூடியது. என் போன்றவரின் சம்பளத்தில் அது சுமைதான். ஆயினும் அன்று ஓர் உண்மை விளங்கிற்று. சாக்கடையைக் கண்டு நானும் பல நாள் முணுமுணுத்ததுண்டு. அலுவலகப் படியேறிக் கேட்டதில்லை. கேட்டால் என் மாடியையும் கேட்பார்களே என்னும் அச்சம் என் நாவைக் கட்டியிருந்தது. கொடுக்க வேண்டியதை மறைத்தவன், கேட்க வேண்டியதைக் கேட்கும் துணிவையும் இழந்துவிடுகிறான். நம் ஊர்களில் பலருடைய மௌனத்துக்குக் காரணம் இதுவாகவும் இருக்கக்கூடும்.

செய்யத்தக்கவை

நம் மாநிலத்தில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தனர். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட அந்த இடைவெளியில், கேட்கும் பழக்கத்தையே நாம் மறந்துபோனோம். 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு வார்டுக் குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வந்தன. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துத் தெருவுக்குப் பகுதி சபை. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சி நாளன்று, அவை முதன்முதலாகக் கூடின. நம் தெருவிலிருந்து எத்தனை பேர் சென்றோம் என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வோமாக.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு எழுதினால் வரவு செலவுத் திட்டத்தின் நகலையும், நம் வார்டில் நடந்த வேலையின் மதிப்பீட்டையும் பெறலாம். முப்பது நாளுக்குள் விடை தர வேண்டும் என்பது சட்டம். பெல் நகரில் தனியொருவர் பொய்த் தாளோடு திரும்பியதை மறவாமல், தெருவுக்குப் பத்துப் பேராகச் சேர்ந்து கேட்பது நலம். முஸ்லிம் தெரு, இந்துத் தெரு என்று சாக்கடை பிரிந்து ஓடுவதில்லை. எனவே பக்கத்துத் தெருவினரையும் உடன் அழைத்துக்கொள்வோம்.

சகோதரிகளுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட 2016இலேயே சட்டம் செய்யப்பட்டது. குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதை ஆண்களைவிட நீங்களே நன்கறிவீர்கள். அந்த அறிவு அடுப்பங்கரையோடு நின்றுவிட வேண்டியதில்லை.

எங்கள் மஹல்லாவில் அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மனுவை எழுதுங்கள் ஹஸ்ரத், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்" என்றார். எழுதினோம். கையெழுத்திட்டோர் பதினொருவர், அவர்களுள் நால்வர் அடுத்த தெருவைச் சேர்ந்த மாற்றுச் சமயச் சகோதரர்கள். விடை வந்தது. சென்ற ஆண்டு எங்கள் தெருமுனை வடிகாலுக்கு எந்த ஒதுக்கீடும் செய்யப்படவில்லை என்றும், அதற்கான கோரிக்கை எவரிடமிருந்தும் வரவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது.

பணத்தை எவரோ எடுத்துவிட்டார் என்றே நாங்கள் இத்தனை காலம் ஐயுற்றிருந்தோம். உண்மையில் எவரும் கேட்கவே இல்லை. இப்பொழுது கோரிக்கை கொடுத்திருக்கிறோம். சாக்கடை இன்னும் அங்கேதான் தேங்கிக் கிடக்கிறது. ஆனால், யார் கண்டது என்று அந்தப் பெரியவர் இப்பொழுது சொல்வதில்லை.